கார் போர்ச்சில் ஒரு ரயில் பாதை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, பாலோ என்ற சின்ன ஊரில் தன் வீட்டுக் கார் போர்ச்சில், சந்திரமதி தன் புருஷனைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் திருச்செல்வம், கட்டுப் போட்ட வலது காலை ஒரு முக்காலி மேல் நீட்டிக்கொண்டு, கையில் போனோடு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். நாற்காலியைச் சுற்றி இரண்டு சாக்கு நிறையக் காய்ந்த ரப்பர் இலை கொட்டிப் பரப்பியிருந்தது. அந்த இலை மேல்தான் நடை. வாயைத் திறக்கக் கூடாது, இருமக் கூடாது, நடுவில் நிற்கவும் கூடாது. நாற்பது நிமிஷம். கார் பாவம், கேட்டுக்கு வெளியே வெயிலில் கிடந்தது.

புருஷனைச் சுற்றிக் கும்பிடும் ரகமில்லை சந்திரமதி. முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவர் கேட்ட கோப்பியை முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தவள் இல்லை. பிறகு எதற்கு இந்தப் பிரதட்சணம் என்றால், எல்லாம் லோஷினிக்காக.

லோஷினி அவர்களுடைய ஒரே மகள். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜப்பானின் வடக்குக் கோடியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போனாள். போன முதல் குளிர்காலத்திலேயே ஆள் சுருண்டுவிட்டாள். வேலை விட்டால் அறை, அறை விட்டால் வேலை. சனி ஞாயிறு கதவையே திறப்பதில்லை. போனில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சந்திரமதி தினமும் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்பாள். சாப்பிட்டியா, குளிருதா, எப்ப வர. சாப்பிட்டேன், ஆமா, தெரியல என்று மூன்று பதில் வரும். அதற்கு மேல் என்ன பேசுவதென்று அம்மாவுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. போன் அப்பாவிடம் போய்விடும்.

அப்பாதான் வழி கண்டுபிடித்தார். நாற்பது வருஷம் மோட்டார்சைக்கிளில் தபால் கொடுத்த மனுஷன் ரிடையர் ஆன பிறகு, இனிப்பு நீர் வியாதிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால், நடக்க ஆரம்பித்திருந்தார். புதிய இரட்டைத் தண்டவாளம் வந்தபின் பழைய பாதையில் இரும்பையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் சரளைக்கல் பாதை மட்டும் ரப்பர் தோட்டத்துக்கும் செம்பனைக்கும் நடுவே நீளமாகக் கிடந்தது. ஒரு ஞாயிறு அங்கிருந்து மகளுக்குப் போன் போட்டார். "நான் பழைய ரயில் ரோட்டுல நடக்கிறேன் பாப்பா. நீயும் அங்க எங்கயாச்சும் நட. பேசிகிட்டே போலாம்."

வேண்டாவெறுப்பாக ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இறங்கியவள், அடுத்த தெருவைத் தாண்டியதும் மரங்களுக்கு நடுவே ஒரு நீண்ட வெள்ளைப் பாதையைக் கண்டாள். ஓரத்தில் ஒரு பலகை. அதைப் படித்துவிட்டு மூன்று மாசத்தில் முதல் தடவையாகச் சிரித்தாளாம். "அப்பா, இதுவும் பழைய ரயில் ரோடுதான்."

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அப்பாவும் மகளும் சேர்ந்து நடந்தார்கள். இங்கே ஏழரை, அங்கே எட்டரை. முகம் பார்த்துப் பேச வீடியோ போட்டால் கை விறைத்துவிடுகிறது என்று வெறும் குரல்தான். அவள் பனியை மிதிக்கும் சத்தம் இவருக்குக் கேட்கும், இவர் சருகை மிதிக்கும் சத்தம் அவளுக்குக் கேட்கும். லோஷினி தேறினாள். சிரிக்க ஆரம்பித்தாள், சமைக்க ஆரம்பித்தாள், பனிக்குத் தனி பூட்ஸ் வாங்கினாள். அம்மாவுக்கு மட்டும் பழைய மூன்று கேள்விதான். அது ஒன்றும் புதிதில்லை என்று சந்திரமதி தன்னைத் தேற்றிக்கொண்டாள். லோஷினி சின்னதிலிருந்தே அப்பா பிள்ளை. சந்திரமதி குளுவாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்து இடது முட்டியைக் கெடுத்துக்கொண்டவள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது அப்பாதான். சாயங்காலம் இவள் வீடு வந்து சேரும்போது அது வாசல் கதவுக்குப் பின்னால் வெறுந்தரையில் குப்புறப் படுத்துக் கிடக்கும். தரையில ஏன் படுக்கிற, சளி பிடிக்கும் என்று வந்ததும் வராததுமாகத் திட்டு விழும். அப்படி வளர்ந்த உறவு.

பொங்கல் முடிந்த வாரம் திருச்செல்வத்தின் வலது கால் சுண்டுவிரல் கறுத்தது. ஷூவுக்குள் ஒரு கல் உறுத்தி, புண்ணாகி, அதை அவர் யாரிடமும் சொல்லாமல் மருந்தெண்ணெய் தடவிக்கொண்டு திரிந்த லட்சணம். ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். ஆறேழு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது.

"பாப்பாகிட்ட சொல்லாத," என்றார், மயக்கம் தெளிந்ததும் முதல் வார்த்தையாக.

சந்திரமதியும் அதையேதான் நினைத்திருந்தாள். போன வருஷம் அப்பாவுக்கு டெங்கி என்று கேள்விப்பட்டதும் அடுத்த பிளேன் பிடித்து வந்து ஒரு மாசம் உட்கார்ந்துவிட்டாள் லோஷினி. திரும்பிப் போனபோது அவள் செய்துகொண்டிருந்த வேலை வேறொருவர் கைக்குப் போயிருந்தது. மறுபடி அடியிலிருந்து ஆரம்பித்தாள். இந்த ஏப்ரலில் நிரந்தரமாக்கப் போகிறார்கள். இப்போது விரல் போன கதையைச் சொன்னால் அவ்வளவுதான். சொல்லாமல் நடையை மட்டும் நிறுத்தினாலோ, பிப்ரவரிப் பனியில் அந்தப் பிள்ளை மறுபடி கதவை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும்.

ஒரு ஞாயிறு போன் கெட்டுவிட்டது என்று சமாளித்தார்கள். அடுத்த ஞாயிறுக்குள் திருச்செல்வத்தின் மூளையில் இலை யோசனை உதித்தது. ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் நேரம். பக்கத்து வீட்டுப் பிரேமலாவின் புருஷன் லாரியில் இரண்டு சாக்கு இலை வந்து இறங்கியது. செடிக்கு உரம் போட என்று அவரிடம் சொல்லியாயிற்று.

"நான் பேசுறேன், நீ மிதி," என்றார் திருச்செல்வம். "சிம்பிள் லா."

சிம்பிளாக ஒன்றும் இல்லை. முதல் வாரமே மனுஷன் மூச்சு வாங்க மறந்துவிட்டார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு செய்தி வாசிப்பவர் மாதிரி தெளிவாகப் பேசினார். சந்திரமதி ஒவ்வொரு சுற்றிலும் தோளில் ஒரு குத்து விட, அவர் "ஹா, ஹா" என்று இரைத்தார். குத்து பலமாக விழுந்தால் இரைப்பு தத்ரூபமாக வந்தது. இரண்டாவது வாரம் கதை அளக்க ஆரம்பித்தார். கொக்கு பார்த்தேன் என்றார், உடும்பு பார்த்தேன் என்றார், கடைசியில் ஒரு மயில் பறந்து போகிறது என்றபோது சந்திரமதி முறைத்த முறைப்பில் அது தூரத்தில் கோழியாக மாறியது.

"இன்னிக்கு ரயிலு வரலயாப்பா?" என்று கேட்டாள் லோஷினி. புதுப் பாதை பழைய பாதைக்குப் பக்கத்திலேயே போவதால் வழக்கமாக நடுவில் ஒரு ரயில் சத்தம் கேட்கும்.

"இப்பதானே போச்சு. உனக்குக் கேக்கலயா?"

"கேக்கலயே."

"அது கரண்டு ரயிலு பாப்பா. சத்தமே கிடையாது." முந்தின மாசம் வரை அதே ரயில் அலறிக்கொண்டு போனதை அப்பாவும் மறந்தார், மகளும் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் மழை பிளந்து கட்டியது. குடை பிடித்துக்கொண்டு நடக்கிறேன் என்றார். போர்ச்சுக் கூரையில் மழை கொட்ட, அடியில் சருகு மொறுமொறுவென்று நொறுங்கியது. இதிலுள்ள கோளாறு இருவருக்கும் உறைக்கவே இல்லை.

வேலி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பிரேமலாவுக்கு மட்டும் தாங்கவில்லை. போன் வைத்ததும் கேட்டாள்: "அக்கா, தைப்பூசம் முடிஞ்சிருச்சே. இன்னும் என்ன வேண்டுதலு? அதுவும் அண்ணன சுத்தி?"

"காலு சீக்கிரம் ஆறணும்னுதான்," என்றாள் சந்திரமதி. பிரேமலா நெகிழ்ந்துபோய், தாமான் வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்தாள். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனால் பெண்கள் இவளை ஒரு மரியாதையோடு பார்த்தார்கள். அதை மறுக்க முடியாமல் கீரையை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

ஆனால் இந்தக் கூத்துக்கு நடுவே சந்திரமதிக்கு ஒன்று கிடைத்தது. ஸ்பீக்கரில் வரும் மகளின் குரல். மூன்று கேள்விக்குப் பதில் சொல்லும் லோஷினி இல்லை அது. வேறு ஒரு பெண். சளசளவென்று பேசினாள்.

"அப்பா, ராத்திரி பூரா கொட்டிருக்கு. ரோட்டுல ஒரு கால் தடம்கூட இல்ல. நான்தான் மொத ஆளு. மிதிக்கவே மனசு வரல. சத்தம் கேக்குதா? மரவள்ளி மாவு பாக்கெட்ட அமுக்கினா ஒரு சத்தம் வரும்ல, அதே சத்தம்."

"ஆமா, ஆமா," என்றார் ஆயுளில் ஒரு மாவு பாக்கெட்டையும் தொட்டறியாத திருச்செல்வம். சந்திரமதிக்குச் சட்டென்று விரல் நுனியில் அந்தச் சத்தம் கேட்டது. கிறுக் கிறுக் என்று, பல் கூசுகிற மாதிரி. ஓ, பனி இப்படித்தானா என்று அவளுக்குப் பிடிபட்டது. மூன்று வருஷமாகப் படம் அனுப்பியும் பிடிபடாதது.

இன்னொரு நாள் லோஷினி சொன்னாள்: "சிகாமட் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மா ஒரு சேல கட்டினாங்கள்ல, வெள்ளையில சாம்பல் கரை போட்டு? இங்க மரமெல்லாம் இப்ப அப்படித்தான் இருக்கு. கிளைக்கு மேல் பக்கம் மட்டும் வெள்ளை, அடியில சாம்பல்." திருச்செல்வத்துக்கு அந்தச் சேலையும் தெரியாது, கல்யாணமே யாருடையது என்று நினைவில்லை. சந்திரமதி நடந்துகொண்டே அலமாரியின் மூன்றாவது தட்டை நினைத்துப் பார்த்தாள். கரை கொஞ்சம் நைந்திருந்தது. மகள் அதையெல்லாம் கவனித்திருக்கிறாளா என்று நெஞ்சு நிறைந்துபோனது.

அந்த நடையின் சுகம் ஒவ்வொன்றாக அவளுக்குத் தெரிய வந்தது. ரயில் ஓடிய பாதை என்பதால் மேடே இல்லையாம். ரயிலுக்கு ஏற்றம் ஆகாதே, அதனால் எவ்வளவு தூரம் போனாலும் மூச்சு முட்டாதாம். வளைவுகூட மெதுவாகத்தான் வளையுமாம், அதனால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாமல் போய்க்கொண்டே இருக்கலாமாம். பனி பெய்யும்போது ஊரே வாயை மூடிக்கொள்ளுமாம். கார் சத்தம் கிடையாது, காக்கா சத்தம் கிடையாது. பனியில் ஒரு நரி நேர்க்கோட்டில் நடந்து போன தடம், அதற்குப் பக்கத்தில் பூனை மாதிரி சின்னத் தடம், ஓரிடத்தில் இரண்டும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறதாம். பழைய ஸ்டேஷன் மேடையில் ஒரு பெஞ்சு, அதன் மேல் மெத்தை கனத்துக்குப் பனி. பக்கத்தில் காசு போட்டால் சூடாகச் சோளச் சூப்பு டின் கொடுக்கும் பெட்டி. கையுறையைக் கழற்றி அந்த டின்னைக் கன்னத்தில் வைத்துக்கொள்வதுதான் இந்த நடையிலேயே நல்ல பாகமாம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சந்திரமதி வட்டமடித்தாள். கேட்க அவளிடம் நூறு கேள்வி இருந்தது. அந்த நரி குடும்பஸ்தனா, ஒண்டிக்கட்டையா? சூப்பில் பால் இருக்குமா? விழுந்துவிட்டால் தூக்கிவிட யாராவது வருவார்களா? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு இலையை மிதித்தாள். திங்கட்கிழமை இவளே கூப்பிட்டுப் பேசும்போது அதில் ஒன்றைக்கூடக் கேட்க முடியாது. உனக்கு எப்படித் தெரியும் என்று வந்துவிடும். ஆகவே சாப்பிட்டியா, குளிருதா, எப்ப வர.

மாசக் கடைசியில் இலையெல்லாம் தூளாகிவிட்டது. மிதித்தால் சத்தமே வரவில்லை. பிரேமலாவின் புருஷன் ஆயர் ஈத்தாமுக்குச் சரக்கேற்றப் போயிருந்தார். சனிக்கிழமை காலை சந்திரமதி ஒரு சாக்கைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு தானே பழைய ரயில் பாதைக்குப் புறப்பட்டாள். மூன்று வருஷமாகப் புருஷன் வா வா என்று கூப்பிட்டு, அட்டை கடிக்கும், பாம்பு வரும், முட்டி வலிக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த இடம்.

கடைசி வீட்டைத் தாண்டி, மண்மேட்டில் ஏறி நின்றதும் அவளுக்குக் கொஞ்ச நேரம் நடை வரவில்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மரம் மொட்டையாக நின்றது. அத்தனை நாளும் இருட்டடித்துக் கிடந்த தோட்டத்துக்குள் காலை வெளிச்சம் தடையில்லாமல் தரை வரைக்கும் இறங்கியிருந்தது. பாதை தெரியவே இல்லை. கல் தெரியவில்லை, புல் தெரியவில்லை. செம்பும் மஞ்சளுமாகக் கணுக்கால் உயரத்துக்கு இலை. ஒரு கால் தடம் கிடையாது.

'நான்தான் மொத ஆளு,' என்று சந்திரமதி தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

காலை வைத்தாள். போர்ச்சில் சிமெண்டுத் தரை மேல் மிதித்த இலை வேறு, இது வேறு. அடியில் ஈரம், மேலே மொறுமொறுப்பு. கால் சற்று அமுங்கி, தாங்கி, மறுபடி எழுப்பிவிட்டது. பத்து நிமிஷம் நடந்த பிறகுதான் முட்டி வலிக்கவில்லை என்பது உறைத்தது. மேடே இல்லை. ரயிலுக்கு ஏற்றம் ஆகாதே. எங்கோ ஒரு ரப்பர் காய் பட்டென்று வெடித்துச் சிதறியது. சில்லென்று காற்று வந்தது, மேலேயிருந்து கொஞ்சம் இலை அவசரமே இல்லாமல் சுழன்று சுழன்று இறங்கியது. ஒன்று அவள் தலையிலும் உட்கார்ந்தது. எடுக்காமல் அப்படியே நடந்தாள். பாதை மெதுவாக வளைந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று போனாள். ஒரு சின்ன இரும்புப் பாலம் இருந்தது, அடியில் ஓடை. பாலத்தில் இலையில்லை, காற்று அடித்துக்கொண்டு போயிருந்தது. அங்கே நின்று நிறைந்த கண்ணோடு தண்ணீரைப் பார்த்தாள். சந்தோஷத்தில் அழுகை வரும் என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் அது பிள்ளை பிறந்த அன்றைக்கும் வீட்டுக்குச் சாவி கிடைத்த அன்றைக்கும் வரவேண்டியது. வெறும் நடைக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

இதை உடனே லோஷினியிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது. போனைக்கூட எடுத்துவிட்டாள். பிறகு உள்ளே வைத்தாள்.

ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்பினாள். சாக்கு அக்குளில் சுருட்டியது சுருட்டியபடி இருந்தது.

"இலை எங்க?" என்றார் திருச்செல்வம்.

"அலமாக்," என்று அவள் தலையில் கை வைத்தாள். கையில் ஒரு இலை வந்தது. அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாயங்காலம் மறுபடி போய் இரண்டு சாக்கு அள்ளி வந்தாள், அப்போதும் பாலம் வரைக்கும் போய்விட்டுத்தான்.

மார்ச் நடுவில் டாக்டர் புண் ஆறிவிட்டது என்றார். தனி ஷூ ஒன்று எழுதிக் கொடுத்தார், மெதுவாக நடக்கலாம் என்றார்.

"அடுத்த ஞாயிறு நானே போயிருவேன்," என்றார் திருச்செல்வம் அன்று காரில். "உனக்கு விடுதலை."

"அப்பாடா," என்றாள் சந்திரமதி. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல விஷயம்தானே. விரல் போனாலும் கால் பிழைத்தது, பிள்ளைக்குத் தெரியாமல் காப்பாற்றியாயிற்று, நடையும் நிற்கவில்லை. பிறகு ஏன் சந்தோஷம் வரவில்லை என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவர்கள் இருவரும் நடப்பார்கள். இவள் வீட்டில் தோசைக்கு அரைப்பாள். நரி என்ன ஆனதென்று யாரும் இவளுக்குச் சொல்லப்போவதில்லை.

இடையில் வந்த ஞாயிறுதான் போர்ச்சில் கடைசிச் சுற்று. சந்திரமதி வழக்கத்தைவிட மெதுவாகவே நடந்தாள். லோஷினி பனி உருகுவதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதையில் நடுவே கோடாகத் தார் தெரிகிறதாம், ஓரத்தில் இன்னும் இடுப்புயரம் வெள்ளை, அதற்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறதாம். பிறகு ஈரப் பனியில் சதக் சதக் என்று கால் மட்டும் கேட்டது.

"அப்பா," என்றாள். "அம்மாவுக்கு இடது முட்டி இன்னிக்கு ரொம்ப வலிக்குதா?"

சந்திரமதியின் கால் இலைக்கு நடுவே அப்படியே நின்றுவிட்டது.

"நிக்காதீங்கம்மா. நடங்க. நீங்க நின்னா எனக்கும் காலு நின்னுருது."

வேலிக்கு அந்தப் பக்கம் பிரேமலா வீட்டுச் சேவல் கூவியது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று கடைசியில் திருச்செல்வம் கேட்டார்.

"மொத வாரமே. உங்களுக்கு ஷூ சத்தம்பா, டக் டக்னு வரும். இது சிலிப்பர். சப்புன்னு ஒரு அடி, சர்ர்ருனு ஒரு இழுப்பு. அப்புறம் மழைல நடக்குறேன்னீங்க, இலை மட்டும் முறுக்கு மாதிரி நொறுங்குது. ரயிலுக்குச் சத்தமே கிடையாதுன்னீங்க."

"தெரிஞ்சும் ஏன் பாப்பா கேக்கல?"

"கேட்டா அம்மா நிப்பாட்டிருவாங்களே."

சந்திரமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாவு பாக்கெட்டும், சிகாமட் கல்யாணச் சேலையும், சூப்பு டின்னும் யாருக்குச் சொல்லப்பட்டன என்று அவளுக்கு இப்போது ஒவ்வொன்றாகப் புரிந்தது. வாராவாரம் அந்தப் பிள்ளை இவளிடம்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. இவள்தான் திருடி மாதிரி ஒட்டுக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இழுக்குற சத்தத்த வெச்சா கண்டுபிடிச்ச?" என்றாள். ஆறு வாரத்தில் அந்த நடைக்கு நடுவே அவள் பேசிய முதல் வார்த்தை. குரல் கரகரத்தது.

"அதெப்படிம்மா தெரியாம போகும். சின்ன வயசுல பேக்டரி பஸ்ஸு முச்சந்தில நிக்கிற சத்தம் கேட்டா, ஓடிப்போய் கதவுக்குப் பின்னாடி படுத்துக்குவேன். தரையில காத வெச்சா அஞ்சு வீடு தள்ளி வரும்போதே கேக்கும். சப்பு, சர்ர்ரு. அம்மா வந்துட்டாங்கன்னு. அதுக்குத்தான தெனம் படுத்துக் கெடப்பேன்."

சந்திரமதி முக்காலியின் ஓரத்தில், புருஷனின் காலுக்குப் பக்கத்தில், உட்கார்ந்துவிட்டாள். சளி பிடிக்கும் என்று திட்டியது ஞாபகம் வந்தது. ஒரு நாளில்லை, இரண்டு நாளில்லை, வருஷக்கணக்காகத் திட்டியிருக்கிறாள். வெட்கமும் பாசமும் சேர்ந்து வந்து அவளைக் குலுக்கின, அழுகையை அவள் அடக்கவே இல்லை. திருச்செல்வம் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவள் தலையில் வைத்தார்.

"இப்ப நெசத்தச் சொல்லுங்க," என்றாள் லோஷினி. "அப்பா கால்ல என்ன?"

சொன்னார்கள். விரல் போனது, புண் ஆறியது, ஷூ எழுதிக் கொடுத்தது, எல்லாம். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கொஞ்சம் திட்டினாள், அப்பாவை அதிகமாக, அம்மாவைக் குறைவாக.

"நீ ஏன் அப்பவே கெளம்பி வரல?" என்று சந்திரமதி கேட்டாள். "டெங்கிக்கு ஓடி வந்தியே."

"நீங்க சுத்திச் சுத்தி நடந்துகிட்டே இருந்தீங்களேம்மா. பெருசா எதுவும்னா நீங்க அப்பாவ விட்டு நகரமாட்டீங்க. அந்தச் சத்தம் கேட்ட வரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நெனச்சுகிட்டேன்."

அடுத்த ஞாயிறு திருச்செல்வம் புது ஷூவைப் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் போகட்டும், கால் கொஞ்சம் கனமாக இருக்கிறது என்றார். அவர் பொய் சொன்னால் சந்திரமதிக்கு எப்போதும் தெரியும். தெரிந்தும் சரி என்றாள். போகிற போக்கில் அவருக்குக் கோப்பி கலந்து, கேட்பதற்கு முன்னாலேயே பக்கத்தில் வைத்தாள். அவர் கோப்பியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

பழைய ரயில் பாதையில் மரங்கள் துளிர்க்க ஆரம்பித்திருந்தன. கீழே இலை பாதி மக்கிப் பழுப்பாகக் கிடந்தது, மேலே தாமிர நிறத்தில் புதுக் கொழுந்து. சந்திரமதி சிலிப்பரோடுதான் வந்திருந்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு வளைவு வரைக்கும் நடந்தாள். பக்கத்துப் பாதையில் ரயில் ஒன்று அலறிக்கொண்டு போனது.

"கேட்டுச்சு," என்று சிரித்தாள் லோஷினி. "எங்க இருக்கீங்க?"

"பாலத்துகிட்ட வந்துட்டேன். அடியில தண்ணி நெறைய ஓடுது. நீ?"

"நான் ஸ்டேஷன் பெஞ்சு தாண்டிட்டேன். இன்னும் கொஞ்சம்தான் ஸ்நோ பாக்கி. ஓரத்துல கெடக்குறத மிதிச்சுகிட்டே போறேன், தீந்துபோகுமேன்னு."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். சூப்பும் குடிச்சேன். நீங்க கேட்டீங்களே, பால் இருந்துச்சு."

"குளிருதா?"

"கொஞ்சம். காது மட்டும்."

சந்திரமதி பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கத்து இலையில் கால் வைத்தாள். சப்பு, சர்ர்ரு. அங்கே பனியில் சதக் சதக். இரண்டும் கொஞ்ச தூரம் ஒன்றாகவே போயின.

"அந்த நரியோட தடம் இன்னிக்கு இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. இன்னிக்கு ரெண்டு நரி." லோஷினி சற்று நின்ற மாதிரி இருந்தது. "என்னம்மா, எப்ப வரேன்னு கேக்கலயா?"

"அவசரமில்ல பாப்பா," என்றாள் சந்திரமதி. "நீ பாத்து நட, வழுக்கும்."